இரவல் நாக்கு

பிப்ரவரி 2

ஐம்பத்து மூன்று வயதில் இன்று முதன்முறையாக பீர் குடித்தேன். கட்டின புருஷனுக்குத் தெரிந்தே, பட்டப்பகலில், சம்பளத்துக்கு. முத்தியால்பேட்டையில் எனக்கு முன்னால் இப்படி ஒருத்தி இருந்திருக்க மாட்டாள்.

காலாப்பட்டு போகிற வழியில் அந்துவான் என்கிற தம்பி ஒரு ப்ரூவரி வைத்திருக்கிறான். அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற இடம். அதில்தான் இவருக்கு வேலை. இவர் என்றால் என் வீட்டுக்காரர் கலியபெருமாள். பெரிய பீர் கம்பெனி ஒன்றில் இருபது வருஷம் காய்ச்சும் பிரிவில் இருந்தவர். காய்ச்சியதில் பாதியை அவரே குடித்துத் தீர்த்திருப்பார். வேலை போனது, ஈரலும் போகப் பார்த்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த நாளிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. ஆறு வருஷம் ஆகிறது. அந்துவானின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பி, அந்தப் பென்ஷனைக் குடித்தே செத்தவர். அதனால் தம்பி வேலை கொடுக்கும்போதே சொல்லிவிட்டான்: ஒரு வாய் குடித்தது தெரிந்தாலும் அன்றோடு சரி.

குடிக்காத மனுஷன் எப்படி பீர் காய்ச்சுவார் என்றால், பார்லி, தண்ணீர், சூடு எல்லாம் இவருக்கு அத்துப்படி. ருசி பார்க்க மட்டும் ஒரு ஆள் வேண்டும். பால் பண்ணை ஆய்வகத்தில் கேன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தே எந்த ஊர்ப் பால் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். உன் மூக்கு சும்மாத்தானே கிடக்கிறது என்று இவர்தான் ஆரம்பித்தார்.

முதல் வாயிலேயே சொல்லிவிட்டேன், சரியாகக் கழுவாத கேன் வாசனை அடிக்கிறது என்று. போய்ப் பார்த்தால் ரப்பர் குழாய்க்குள் அழுக்கு. அந்துவான் கையெடுத்துக் கும்பிட்டான்.

வாய் இன்னும் கசக்கிறது. இந்தக் கருமத்துக்காகவா மனுஷர் குடும்பத்தை அழித்தார்.

பிப்ரவரி 6

அந்துவானோடு ஒரு சின்னச் சண்டை. பாலுக்குச் செய்வதுபோல நான் வாயில் வைத்து உருட்டித் துப்பினேன். ஒயினைத்தான் துப்பலாம், பீரை விழுங்கினால்தான் கசப்பு முழுசாகத் தெரியும் என்கிறான். வெளியே நின்ற இவரிடம் கேட்டேன். ஆமாம் என்றார். கொஞ்சம் கழித்து, சின்ன வாயாக விழுங்கினால் போதும் என்றார்.

வெளியே என்று எழுதினேன். இவர் வேலை செய்யும் முறையே அதுதான். பார்லி கொதிக்கிற வாசனை இவரை ஒன்றும் செய்யாதாம். ஆறி அடங்கின பீர் மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. அதனால் டேங்க் குழாயைத் திறப்பதற்கு முன்னால் கதவைத் தாண்டிப் போய் முதுகைக் காட்டி நின்றுகொள்வார். நான் உள்ளிருந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். புளிப்பு முதலில் வருகிறதா, நடுவிலா, விழுங்கின பிறகா? கசப்பு வேப்பங்கொழுந்து மாதிரியா, பாகற்காய் மாதிரியா? நாக்கில் ஒட்டுகிறதா, ஓடிவிடுகிறதா? நான் சொல்வதை வைத்து நாளைக்குச் சூட்டைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்கிறார்.

இத்தனை வருஷக் கல்யாணத்தில் இவர் என்னிடம் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. நான் சொன்ன பதிலை இவ்வளவு கவனமாகக் கேட்டதும் இல்லை.

பிப்ரவரி 15

அரசி போன் செய்தாள். என் பெண் குளிக்காமல் இருக்கிறாளாம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தலைப்பிரசவம் நம் வீட்டில்தானே என்று கேட்க வாய் வரவில்லை. கல்யாணத்தில் அப்பாவை மேடையில் நிற்க வைத்தாளே தவிர முகம் கொடுத்துப் பேசாதவள். அவளாகவே கேட்டாள். "அப்பா இப்ப ஒழுங்கா இருக்காரில்ல? நெஜமாதான சொல்ற? அப்படின்னா வளைகாப்பு முடிஞ்சி அங்க வர்றன்." போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் இவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்குவதை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 21

மே மாதம் அந்துவான் ஒரு விழா நடத்தப் போகிறான். பழைய காலத்தில் ஒவ்வொரு நாட்டிலும் காய்ச்சிய பீரை அதே முறையில் மறுபடியும் காய்ச்சி ஊற்றுவது. இன்று முதலாவது. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தியதாம், இராக் பக்கம். பார்லி மாவில் ரொட்டி சுட்டு, அதைப் பிய்த்து ஊறப்போட்டு, பேரீச்சம்பழம் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். வடிகட்டுவதில்லை. மேலே உமி மிதக்கும், குழல் போட்டு உறிஞ்ச வேண்டும். இளநீர் கடை ஸ்ட்ரா வாங்கி வந்தோம்.

பழைய சோற்றுத் தண்ணீரில் பேரீச்சம்பழத்தைக் கரைத்த மாதிரி இருந்தது. இது சரியான ருசிதானா என்று அந்துவான் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? அதைக் குடித்தவன் ஒருத்தனும் உயிரோடு இல்லை. பாலுக்கு அளவு உண்டு, கொழுப்பு இவ்வளவு, புளிப்பு இவ்வளவு என்று. இதற்கு நான் சொல்வதுதான் அளவு. அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று சொன்னேன். சொல்ல நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு தம்ளர் ஆகிவிட்டது. ஸ்ட்ராவில் குடித்தால் அளவு தெரிவதில்லை.

மார்ச் 3

பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பழகிவிட்டது.

மார்ச் 11

இரண்டாவது பீர். ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட ஆரம்பிப்பதற்கு முன்னால் ஐரோப்பாவில் பச்சிலைகளைப் போட்டுக் காய்ச்சினார்களாம். அந்துவான் கொடைக்கானலிலிருந்து ரோஸ்மேரியும் வேறு ஏதோ தழைகளும் வரவழைத்திருந்தான். சளிக்குக் கொடுக்கிற கஷாயம்தான், கொஞ்சம் நுரையோடு. அப்படியே சொன்னேன். வெளியே இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இந்த மாதிரி பீர் இன்றைக்கு ஒரு ருசி, நாளைக்கு ஒரு ருசி. அதனால் ஒரு பாட்டில் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அந்துவானிடம் சொல்லிவிட்டுத்தான். ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். இவரிடம் சொல்லவில்லை. இவர் மாவுப் பாத்திரத்தைத் தொடுவதில்லை.

மார்ச் 19

ஏலக்காய் வாங்க வேண்டும். போன வாரம் வாங்கியது எங்கே போனதென்றே தெரியவில்லை.

மார்ச் 28

இன்று நம்மூர்ப் பீர். பீர் என்று சொல்லலாமா தெரியவில்லை, அந்துவான் சொல்கிறான். ரொம்பப் பழைய காலத்தில் தமிழ்நாட்டில் அரிசிக் கஞ்சியை ஆறவைத்து, முளைகட்டின தானியத்தை இடித்துச் சேர்த்து, சாடியில் புளிக்க வைத்துக் கையால் பிழிந்தார்களாம். இவருக்கு இதில் தனிச் சந்தோஷம். கஞ்சியை அவரே துழாவினார், யாரையும் விடவில்லை. சாடியை மூடிவிட்டு, அது புளித்த இரண்டு நாளும் குழந்தை தூங்குகிற வீடு மாதிரி மெல்ல நடந்தார்.

இன்று சாடியைத் திறந்தபோது கதவுக்கு வெளியே போய் நின்றார். நான் ஒரு வாய் குடித்தேன். இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். வடித்த கஞ்சி, மறுநாள் காலை, கொஞ்சம் புளிப்பு, கடைசியில் முளைப்பயறை மென்ற இனிப்பு, தொண்டையில் இறங்கும்போது லேசான சூடு. ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கேள்வியே கேட்கவில்லை. "போதும் அஞ்சலை. நானே குடிச்ச மாதிரி இருக்குது" என்றார். 

நானும் இவரும் நல்ல நண்பர்கள் ஆகிவிட்டோம் என்று தோன்றுகிறது. இந்த வயதில். இந்த வேலை முடிந்துவிடக் கூடாது.

ஏப்ரல் 5

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் குடியை நிறுத்தினவர்களின் கூட்டத்துக்குப் போய்விடுவார். வீடு அமைதியாக இருக்கிறது. கஷாய பீர் எப்படி மாறியிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்தேன். அப்புறம் அரிசிப் பீர். வேலைதானே. துணி துவைக்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. அரசியும் மாப்பிள்ளை சுதாகரும் திண்டிவனத்திலிருந்து வந்தார்கள். அரசிக்கு வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. மாங்காய்ப் பச்சடியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கி வந்து நேராக அவர் கையிலேயே கொடுத்தாள். இவர் அதை உடனே போட்டுக்கொண்டார், விலைச்சீட்டோடு. நான்தான் பிய்த்தேன்.

ஆனி மாதம் வளைகாப்பு என்று பேசினோம். அது முடிந்ததும் இங்கே வந்துவிடுவாள். இவர் பின்னறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகிறாராம். பெயின்ட் அடிக்கச் சொன்னேன். பெயின்ட் நாற்றம் பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது என்கிறார்.

ஏப்ரல் 25

கடைசி பீர். இங்கிலாந்திலிருந்து அந்தக் காலத்தில் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினது. மாதக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும் என்பதால் ஹாப்ஸை அள்ளிப் போட்டுக் காய்ச்சியிருக்கிறார்கள். விழாவுக்கு இதுதான் அதிகம் போகும் என்று அந்துவான் பெரிய டேங்க் நிறையக் காய்ச்சச் சொல்லியிருந்தான்.

காலையிலேயே மற்றதையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்திருந்தேன். தலை கொஞ்சம் கனமாக இருந்தது. குழாயைத் திறந்தேன். கசப்புக்கு அடியில் வெண்ணெய் காய்ச்சுகிற வாசனை. லேசாக. முதலில் பால் பண்ணை ஞாபகம்தான் வந்தது. மறுபடியும் ஒரு வாய் விழுங்கினேன், அப்போது தெரியவில்லை. இன்னொரு வாய். தெரிகிறதா இல்லையா என்று எனக்கே புரியவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் இவர் காத்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்றேன். வேறு எதுவும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். இன்னொரு தடவை கேட்டார். அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். சரி என்று டேங்கைக் குளிரவைத்து, புளிக்க வைக்கிற ஈஸ்டை வடித்து இறக்கிவிட்டார்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? இந்த நாக்கு எதற்கு என்று ஆகிவிடும்.

மே 9

விழா. இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

கூட்டம் நன்றாகத்தான் வந்தது. சுதாகரும் இரண்டு நண்பர்களோடு வந்திருந்தார். மாமனார் காய்ச்சினது என்று அவர்களிடம் பெருமையாகச் சொன்னார். இவர் அரசி கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். ரொட்டி பீருக்கு எல்லோரும் சிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அரிசிப் பீர் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது.

கப்பல் பீர் வந்தது. பெங்களூரிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார், போட்டிகளில் பீருக்கு மார்க் போடுகிறவராம். ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைத் தள்ளி வைத்தார். வெண்ணெய் என்றார். அடுத்த மேஜையிலிருந்து தம்ளர்கள் திரும்பி வந்தன. அப்புறம் அதற்கடுத்த மேஜை. தியேட்டர் பாப்கார்ன் மாதிரி இருக்கிறது என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். பெரிய டேங்க் முழுவதும் அதுதான்.

அந்துவான் எங்கள் இரண்டு பேரையும் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டான். சுதாகரும் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்துவிட்டார். அந்துவான் கத்தவில்லை. இதைப் பார்த்து ஓகே சொன்னது யார் என்று மட்டும் கேட்டான். கேட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கொஞ்சம் அருகில் வந்தான். நான் அன்றைக்கும் நாலைந்து தம்ளர் பார்த்திருந்தேன். விழா நாள், பார்க்க வேண்டியிருந்தது.

இவர் எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"நான்தான் தம்பி. இவள கேக்காத. நானே வாய் வெச்சிப் பாத்தன். கொஞ்ச நாளாவே பாக்கறன். என் நாக்கு கெட்டுப்போச்சி, தெரியல."

அந்துவான் இவரையே பார்த்தான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். சாவியைக் கொடுங்கள் என்றான். இவர் கொடுத்தார். சுதாகர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். திறக்கவில்லை. திறந்தால் வாசனை வரும் என்று பயந்தேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது.

மே 10

காலையில் இவரே காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து, மாவுப் பாத்திரத்தை நகர்த்தி, செய்தித்தாள் சுற்றின பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே வைத்தார்.

"எனக்குத் தெரியாதா அஞ்சலை? ஏலக்கா மென்னுக்கிட்டே பேசறவங்கள நான் பாத்ததில்லயா? அரிசிப் பீர் போட்டமே, அப்பவே தெரியும்."

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன். 

"கேட்டா நீ நிறுத்திடுவ. நிறுத்திட்டா எனக்கு வேல இல்ல. மறுபடியும் காய்ச்சறன்ற சந்தோஷம் எனக்குப் பெருசாப் போச்சி. உனக்கு என்ன ஆவுதுன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தன். என் கண்ணு முன்னாலதான் ஆச்சி."

அப்புறம் கப்பல் பீரைப் பற்றிப் பேசினோம். வெண்ணெய் வாசனை வந்தால் பீர் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லையாம். ஈஸ்ட் இன்னும் வேலையை முடிக்கவில்லை, அவ்வளவுதான். குளிரவைக்காமல் இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டிருந்தால் அதுவே தின்று தீர்த்திருக்குமாம். நான் வெண்ணெய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இதை இவர் குற்றமாகச் சொல்லவில்லை, ஒரு விவரமாகச் சொன்னார். 

பாட்டில்களை நானே எடுத்துப் போய்ச் சாக்கடையில் கொட்டினேன். எல்லாவற்றையும்தான்.

ஒன்றைத் தவிர.

மே 12

அரசி போன் செய்தாள். அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வளைகாப்பு முடிந்து இங்கே வரப்போவதில்லையாம், பிரசவமும் திண்டிவனத்திலேயேதானாம். "நீ மட்டும் வாம்மா. அவர கூட்டிக்கிட்டு வந்துடாத." போனை வைத்துவிட்டாள்.

பின்னறையில் இவர் நேற்று அடித்த சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருக்கிறது.

மே 15

அந்துவானிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். கேட் வரைக்கும் போனேன். அவன் கார் இல்லை. உள்ளே தள்ளி நிறுத்தியிருக்கலாம், எட்டிப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் கடைக்குப் போனேன்.

மே 17

ஞாயிறு. இவரோடு கூட்டத்துக்குப் போகிற லூர்துசாமி அண்ணன் வீட்டுக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். வழுக்கி விழுவது சகஜம், மனம் தளரக் கூடாது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். குடியை விட்டு ஆறு வருஷம் என்று இத்தனை நாளும் எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்த இவர், இன்று கூட்டத்தில் எட்டாவது நாள் என்று சொன்னாராம்.

பொய்யை எங்கேயும் மாற்றாமல் காப்பாற்ற வேண்டுமே, அதற்காக. ஆறு வருஷத்தையும் எனக்காக எடுத்துக் கீழே போட்டுவிட்டார். லூர்துசாமி அண்ணனுக்குத் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து அழுதேன்.

மே 20

அரசியிடம் சொல்லிவிட்டேன். காலை பத்து மணிக்கு, ஒரு வாய்கூட இல்லாமல், தெளிவாக இருக்கும்போது சொன்னேன். அப்பா தொடவில்லை. குடித்தது நான்தான். நான் சொன்ன பொய்யால்தான் பீர் கெட்டது. அவர் என்னைக் காப்பாற்றப் பழியை ஏற்றுக்கொண்டார்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"எத்தன வருஷம்மா இதே வேல செய்வ? அவருக்கு காய்ச்சல்னு கம்பெனிக்கு போன் பண்ணுவ. வழுக்கி விழுந்துட்டார்னு பக்கத்து வீட்டுல சொல்லுவ. என் ஸ்கூல் மீட்டிங்குக்கு அப்பா வரலன்னா வெளியூர் போயிருக்கார்னு என்னயே சொல்ல வெச்ச. இப்ப நீயே குடிச்சன்னு சொல்ற. யாராவது நம்புவாங்களா? நீ பீர் குடிப்பியா? உன்ன எனக்குத் தெரியாதா?"

நான் சத்தியம் செய்தேன். அவருக்காகச் சத்தியம் வேற பண்ணாதே என்றாள்.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. இவருக்காக நான் சொல்லாத பொய் இல்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறேன் போல, இப்போது உண்மையைச் சொன்னால் அதுவும் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்துவிட்டது. இவரிடம் சொன்னேன். அவள் நம்பாததே நல்லது என்றார். பிள்ளைத்தாச்சி, ஒருத்தரைப் பற்றிக் கவலைப்பட்டால் போதும், இரண்டு பேரைப் பற்றி வேண்டாம் என்றார்.

மே 27

குடிக்கவில்லை.

மே 28

குடிக்கவில்லை. கை நடுங்குகிறது. இவர் மோரில் உப்புப் போட்டுக் கொடுத்தார், குடித்தேன்.  எப்படி இருக்கும் என்று இவருக்குத் தெரியும்.

ஜூன் 2

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 18

நாளைக்கு வளைகாப்பு. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று சாதம் அத்தனையும் நானே செய்து தருகிறேன் என்று இவர் நிற்கிறார். அரசிக்குத் தேங்காய்ச் சாதத்தில் முந்திரி அதிகம் வேண்டும் என்று இவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் செய்ததாகவே சொல்லிவிடு என்றார். சரி என்றேன். ஆளுக்கு ஒரு பொய் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறோம்.

ஜூன் 19

காலையில் புடவை கட்டும்போது கொசுவம் நிற்கவே இல்லை, விரல் அப்படி நடுங்கியது. அத்தனை பேருக்கு முன்னால் சந்தனம் பூச வேண்டும், வளையல் போட வேண்டும். அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்ததில் அரைத் தம்ளர். நடுக்கம் நிற்கத்தான். நின்றது. பல் துலக்கி, ஏலக்காய் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இவர் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிவிட்டு, தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து வந்தார்.

திண்டிவனத்தில் என்னை எல்லோரும் தாங்கினார்கள். சம்பந்தி அம்மாள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். சுதாகரின் அத்தை ஒருவர், உன்னை மாதிரிப் பொறுமை யாருக்கு வரும் என்று என் முதுகைத் தடவினார். வேறொரு பெண், அந்த மனுஷனோடு நீ எப்படித்தான் குடித்தனம் பண்ணுகிறாயோ என்றாள். நான் மறுத்துச் சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒரு காரணம்தான். அவர்கள் முதுகைத் தடவியது ஆறுதலாகவும் இருந்தது.

அரசி மனையில் உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பட்டு. முகம் ஊதி, அவ்வளவு அழகாக இருந்தாள். பெற்றவள் முதலில் வா என்று கூப்பிட்டார்கள். இரண்டு கையிலும் சந்தனத்தை எடுத்துக்கொண்டு அவள் கன்னத்தில் பூசக் குனிந்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நானும் சிரித்து, நல்லா இரு கண்ணு என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது.

மூக்கு லேசாக விரிந்து மூச்சை உள்ளே இழுத்தது. சின்ன வயதில் சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் போய் இப்படித்தான் ஒரு மூச்சு இழுப்பாள். ஏழு வயது இருக்கும். இழுத்துவிட்டு என்னிடம் வந்து, இன்றைக்கு உண்டு அல்லது இன்றைக்கு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுவாள். ஏலக்காய், பாக்கு, கிராம்பு எதுவும் அவளை ஏமாற்றினதில்லை.

என் முகத்தையே பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, பின்னால் யாரோ வளையல் போடச் சொன்னார்கள். கையை நீட்டினாள். போட்டேன். விரல் நடுங்கவில்லை. அவளுடைய கைதான் நடுங்கியது.

அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தி முடிந்து நான் கிளம்பும்போது மட்டும் வண்டி வரைக்கும் வந்தாள்.  தேங்காய்ச் சாதம் அப்பா செய்ததுதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். 

"அப்பா சாப்ட்டாரா?"

சாப்பிட்டிருப்பார் என்றேன்.  வண்டி திரும்பும்போது பார்த்தேன், உள்ளே போகாமல் அங்கேயே நின்றிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் எல்லாவற்றையும் விசாரித்தார். எத்தனை பேர் வந்தார்கள், சாதம் போதுமானதாக இருந்ததா, அவள் என்ன நிறம் புடவை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, அரசிக்குத் தெரிந்துவிட்டது என்றேன். உன் பேச்சை எப்படி நம்பினாள் என்று கேட்டார். பேச்சை நம்பவில்லை, மோந்து பார்த்தாள் என்று சொன்னேன்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு என் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கட்டுமா, எடுப்பாளா என்றார்.

"என் போன்லேருந்து வேணாம்" என்றேன். "உங்க போன்லேருந்து பண்ணுங்க. எடுப்பா."